லேப்டாப் சார்ஜர் சில நேரம் ஏறுது, சில நேரம் ஏறல: கோளாறு எங்கே?

மே 6, இரவு 9.12 | இரண்டாம்கட்டு, கானாடுகாத்தான்

டெல் இன்ஸ்பிரான். சார்ஜர் 65 வாட், 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், நடுவில் ஊசி வைத்த சின்ன முனை. முனையில் விளக்கு எரிகிறது, லேப்டாப்பும் ஓடுகிறது. பேட்டரி மட்டும் சில நேரம் ஏறுகிறது, சில நேரம் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று நின்றுவிடுகிறது. மதியம் மோசம், ராத்திரி பரவாயில்லை. பிளக் பாயின்ட் பழைய ரெண்டு ஓட்டை. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டுச் செருகியிருக்கிறது. இதற்கு முந்தைய சார்ஜர் ஒரேயடியாகச் செத்துப்போனது. மதியம் எல்லார் வீட்டிலும் ஏசி ஓடுவதால் வோல்டேஜ் இறங்கி, அதனால்தான் ஏறவில்லை என்பது என் கணிப்பு. ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

மே 6, இரவு 9.41 | ஈயப்பத்து, காரைக்குடி

ஸ்டெபிலைசர் வேண்டாம். சார்ஜரின் முதுகில் 'இன்புட் 100–240 வோல்ட்' என்று அச்சடித்திருக்கும். வீட்டில் 170க்கு இறங்கினாலும் வெளியே வருவது அதே 19.5தான். உள்ளே இருப்பது சுவிட்சிங் சர்க்யூட். குறைந்த வோல்டேஜுக்குக் கூடுதல் கரன்ட் இழுத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். அதைக் கொல்வது மிகை வோல்டேஜ், குறை வோல்டேஜ் அல்ல.

முதலில் ஒன்று பாருங்கள். லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்யும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போங்கள். பேட்டரி விவரப் பக்கத்தில் 'ஏசி அடாப்டர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 65 வாட் என்று காட்டுகிறதா, 'அன்னோன்' என்று காட்டுகிறதா? சார்ஜ் ஏறும்போது ஒரு தடவை, ஏறாதபோது ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் எதுவும் வாங்காதீர்கள்.

மே 6, இரவு 10.20 | ஈயப்பத்து, காரைக்குடி

ஏன் அந்த வரி முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் பாதி பேர் செய்ய மாட்டார்கள்.

டெல் சார்ஜரின் முனையில் தொடர்புகள் மூன்று. வெளி உருளை மைனஸ். உருளையின் உள்சுவர் பிளஸ். நடுவே நிற்கிற ஊசியில் பவர் வராது. அது அடையாளக் கம்பி. சார்ஜர் டப்பாவுக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சிப், 'நான் டெல், 65 வாட்' என்று அந்தக் கம்பி வழியாக மதர்போர்டுக்குச் சொல்லும். அந்தப் பேச்சு கேட்கவில்லை என்றால் லேப்டாப் கரன்டை வாங்கி ஓடும், ஆனால் பேட்டரிக்கு ஏற்றாது, பிராசசரின் வேகத்தையும் குறைத்துவிடும். வயரில் மூன்றிலும் மெல்லியது இந்த அடையாளக் கம்பிதான், அதனால் முதலில் அறுவதும் இதுதான். விளக்கு எரியும், மீட்டரில் 19.5 காட்டும், ஆனால் சார்ஜ் ஏறாது. 'சார்ஜர் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி போச்சு' என்று சொல்லி, நல்ல பேட்டரியை மாற்ற வைப்பது இந்தக் கோளாறுதான்.

ஹெச்பியில் நடு ஊசியும், லெனோவாவின் செவ்வக முனையில் உள்ள நடுப் பின்னும் இதே வேலைக்குத்தான். சொல்லும் முறை வேறு, விளைவு ஏறக்குறைய ஒன்று. வெறும் இரண்டே தொடர்பு கொண்ட உருளை முனையில் இந்தச் சிக்கல் இல்லை.

மே 7, காலை 7.05 | லேப் ஆச்சி, பள்ளத்தூர்

மதியம் மோசம், இரவு சரி என்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இது கத்திரி வெயில். லித்தியம் அயான் பேட்டரியை ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டே நிறுத்திவிடும். அறையே 38, 39 இருக்கும்போது, மெத்தை மேல் வைத்த லேப்டாப்பின் அடிப்பக்கம் 45ஐத் தொடுவது பெரிய காரியமில்லை. இரவில் ஆறியதும் தானாக ஏறும். சார்ஜர் மேல் குற்றமே இல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று, எந்தச் சதவீதத்தில் நிற்கிறது? 60லோ 80லோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அது கோளாறு இல்லை, செட்டிங். லெனோவா, ஏசஸ், டெல் எல்லாவற்றிலும் பேட்டரி ஆயுளுக்காக உச்சத்தைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு. டெல்லில் பயாஸுக்குள்ளேயே இருக்கும். 'கஸ்டம்' என்று இருந்தால் 'ஸ்டாண்டர்ட்' ஆக்கிப் பாருங்கள்.

மே 7, காலை 7.30 | ஈயப்பத்து, காரைக்குடி

ஆச்சி சொல்வது சரியான சந்தேகம். இரண்டையும் பிரிக்க அதே பயாஸ் வரி போதும். ஏறாத நேரத்தில் 65 வாட் என்றே காட்டினால் சூடு அல்லது செட்டிங். 'அன்னோன்' என்றால் வயர், முனை, அல்லது லேப்டாப் பக்கத்து ஜாக்.

மே 7, மதியம் 1.15 | வயர்மேன், தேவகோட்டை

எல்லாரும் லேப்டாப்பையே பார்க்கிறீங்க. சுவர்ப் பக்கம் வாங்க.

நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல தேக்குப் பட்டைக்குள்ள ஓடுற வயரிங், ரெண்டு ஓட்டை 5 ஆம்பியர் பாயின்ட், எர்த்தே கிடையாது. அந்த ஓட்டை 5 மில்லிமீட்டர் குண்டு பின்னுக்குச் செஞ்சது. இப்ப வர்ற மெல்லிய ரெண்டு பின் பிளக்குக்குப் பின் 4 மில்லிமீட்டர்தான். செருகினா உள்ளே ஆடும், பொறி பறக்கும், பித்தளை கறுக்கும். கறுத்த இடம் இன்னும் சூடாகும். அதுக்கு மேல ஒரு கன்வெர்ட்டர்னா லூஸ் கான்டாக்ட் ரெண்டு இடத்துல. லேப்டாப் ஓடிக்கிட்டிருக்கும்போது பிளக்கை லேசா ஆட்டுங்க. சார்ஜர் விளக்கு கண்ணடிச்சா கோளாறு அங்கேயும் இருக்கு. சார்ஜர் டப்பாவுல மூணு ஓட்டை பவர் கார்டு சொருகுற இடத்தையும் அதே மாதிரி ஆட்டிப் பாருங்க. அந்தக் கார்டு தனியா கிடைக்கும், அதுக்காக முழு சார்ஜர் வாங்க வேண்டாம்.

முந்தின சார்ஜர் ஒரேயடியா செத்ததுக்குக் காரணம் நியூட்ரலா இருக்கலாம். உங்க வீடு த்ரீ ஃபேஸா? த்ரீ ஃபேஸ் வீட்டுல நியூட்ரல் விட்டுப்போனா லோடு குறைவா இருக்கிற ஃபேஸ்ல 230 இருக்க வேண்டிய இடத்துல 350, 400 வரைக்கும் ஏறும். 240ன்னு எழுதின சார்ஜர் அதைத் தாங்காது. ஸ்பைக் பஸ்டரும் காப்பாத்தாது. அது ஒரு கணம் வந்து போற அடிக்குத்தான். நிமிஷக் கணக்கா நிக்கிற மிகை வோல்டேஜுக்கு உள்ளே இருக்கிற எம்ஓவிங்கிற பாதுகாப்புப் பாகமே எரிஞ்சுபோகும். மெயின் போர்டுல ஓவர் வோல்டேஜ் கட்ஆஃப் போடுங்க, 270 தாண்டினா துண்டிக்கிற மாதிரி. நியூட்ரல் லிங்க்ல திருகு எல்லாத்தையும் மெயினை அணைச்சுட்டு இறுக்கச் சொல்லுங்க.

மே 7, மதியம் 1.50 | இரண்டாம்கட்டு, கானாடுகாத்தான்

த்ரீ ஃபேஸ்தான் அண்ணே. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு; போர்டு முகப்பில் இருக்கிறது. லேப்டாப் மூடியைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும், அதையும் சொல்ல விட்டுவிட்டேன். கெடுதலா?

மே 7, மதியம் 2.25 | ஈயப்பத்து, காரைக்குடி

அந்தச் சுறுசுறுப்பு எர்த் இல்லாததன் அடையாளம். சார்ஜருக்குள் மெயின் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள், இரைச்சல் அடக்குவதற்கு. எர்த் இருந்தால் அதில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உலோகப் பாகத்தில் நிற்கும். மீட்டரில் 100 வோல்ட் பக்கம்கூடக் காட்டும். ஆனால் கரன்ட் மிகச் சொற்பம். நல்ல சார்ஜராக இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. டச்பேட் அம்பு தானாகத் துள்ளுவதும் இதனால்தான். மலிவான போலிச் சார்ஜரில் அந்தக் கெப்பாசிட்டர் தரமில்லாமல் இருந்து ஷார்ட் ஆனால் 230 நேராக உடம்புக்கு வரும். சுறுக்கென்று வலிக்கிற அளவுக்கு அடித்தால் உடனே கழற்றுங்கள்.

மே 7, மாலை 4.10 | வயர்மேன், தேவகோட்டை

எர்த் இல்லைன்னு சில பேர் சாக்கெட்டுக்குள்ள எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால இணைச்சு விடுறாங்க. செய்யவே கூடாது. நியூட்ரல் விட்டுப்போற அன்னைக்கு வீட்டுல இருக்கிற ஒவ்வொரு இரும்புப் பொருள்லயும் ஃபேஸ் வந்து நிக்கும்.

மே 7, இரவு 8.35 | புதுவயல்

நடுவில் புகுந்து கேட்கிறேன். என்னுடையது டைப் சி சார்ஜர், 65 வாட். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை, பூஜ்யம். செத்துவிட்டதா? சில வயரில் ஏறுகிறது, சில வயரில் மெதுவாக ஏறுகிறது.

மே 7, இரவு 9.00 | லேப் ஆச்சி, பள்ளத்தூர்

சாகவில்லை. டைப் சி சார்ஜர் எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகும்வரை வோல்ட்டையே வெளியே விடாது. முதலில் 5 வோல்ட் தரும், அப்புறம் பேசி முடித்து 9, 15, 20 என்று ஏறும். லேப்டாப்புக்கு 20 வேண்டும். பேச்சு பாதியில் முறிந்தால் 5லேயே நிற்கும். மெதுவாக ஏறுவதற்கு இது ஒரு காரணம். சார்ஜருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே செருகுகிற டைப் சி மீட்டர் கிடைக்கிறது. வோல்ட், ஆம்பியர் இரண்டும் அதில் தெரியும். 20 வோல்ட்டுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வயர் விஷயம்: சாதாரண சி டு சி வயர் 3 ஆம்பியர் வரைதான், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் போக வயருக்குள்ளேயே ஒரு சிப் இருக்க வேண்டும். 65 வாட் சார்ஜர் முழுத் திறனைத் தர 5 ஆம்பியர் வயர் தேவை. போனோடு வந்த வயரை லேப்டாப்புக்குப் போட்டுவிட்டுச் சார்ஜரைத் திட்ட வேண்டாம். போர்ட்டுக்குள் செம்மண் தூசி அடைந்திருந்தாலும் இப்படித்தான். லேப்டாப்பை அணைத்துவிட்டு மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள், ஊசி போட வேண்டாம்.

மே 8, காலை 8.20 | இரண்டாம்கட்டு, கானாடுகாத்தான்

பார்த்துவிட்டேன். வயர் நேராக இருந்தால் 65 வாட். முனையிலிருந்து நாலு விரற்கடைக்குள் இடப்பக்கமாக வளைத்துவிட்டு மறுபடி பயாஸுக்குப் போனால் 'அன்னோன்'. மீட்டரில் இரண்டு நிலையிலும் 19.6. நேற்று மதியம் 3 மணிக்கு 65 வாட் என்று காட்டியும் ஏறவில்லை; மாலையில் தானாக ஏறியது. நின்றது 71இல், அதற்கு முன் 48இல், ஆகவே செட்டிங் இல்லை.

மே 8, காலை 8.45 | ஈயப்பத்து, காரைக்குடி

அப்படியானால் இரண்டு கோளாறும் இருக்கின்றன, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. அடையாளக் கம்பி முனையருகில் அறுந்து அறுந்து ஒட்டுகிறது. மதியத்தில் ஆச்சி சொன்ன சூடு.

19.6 என்று மீட்டர் காட்டியதை வைத்து வயர் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். லோடு இல்லாமல் ஓர் இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட் காட்டும். இழைகள் அறுந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தால், 3.34 ஆம்பியர் ஓடும்போது 1.7 வோல்ட் அங்கேயே விழும், ஐந்தரை வாட் சூடு அந்த ஒரு புள்ளியில். முழு வேலை கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து வயரை விரலால் நீவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் பவர் இழையும் போய்க்கொண்டிருக்கிறது.

மே 8, காலை 10.30 | புதுவயல்

லோடு கொடுத்துச் சோதிக்க 12 வோல்ட் பைக் இண்டிகேட்டர் பல்ப் இரண்டைத் தொடராகக் கட்டிப் போடலாமே? எங்கள் ரைஸ் மில் பக்கத்து ஒர்க்ஷாப்பில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

மே 8, காலை 11.10 | ஈயப்பத்து, காரைக்குடி

பல்ப் வேண்டாம். குளிர்ந்த இழைக்குத் தடை மிகக் குறைவு. எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். போட்டவுடன் பெரிய கரன்ட் இழுக்கும், நல்ல சார்ஜர்கூட ஷார்ட் என்று நினைத்து அணைந்து அணைந்து எரியும். சார்ஜர் போய்விட்டது என்று தவறாக முடிவெடுப்பீர்கள். 10 ஓம் 50 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேளுங்கள். 19.5 வோல்ட்டுக்கு 1.95 ஆம்பியர், 38 வாட். முனைக்குப் பொருந்தும் ஜாக் ஒன்றை அதனோடு இணைத்துக்கொள்ளுங்கள். பத்து விநாடி போதும். கையில் பிடிக்காதீர்கள், சுட்டுவிடும். அந்தப் பத்து விநாடியில் வயரை வளையுங்கள். வோல்ட் 19க்குக் கீழே துள்ளினால் வயர் அவுட்.

அரசு கொடுத்த இலவச லெனோவா லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அது 20 வோல்ட் சார்ஜர். சின்ன மீட்டரில் 20 என்ற இடத்தில் வைத்து அளந்தால் 19.99க்கு மேல் காட்ட முடியாமல் இடப்பக்கம் வெறும் 1 என்று நிற்கும். 1 வோல்ட் என்று படித்துவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். 200 டிசி என்ற இடத்துக்குத் திருப்புங்கள்.

மே 8, மதியம் 12.40 | இரண்டாம்கட்டு, கானாடுகாத்தான்

வயர் மட்டும் மாற்றலாமா, டப்பாவை உடைக்க வேண்டுமா?

மே 8, மதியம் 3.20 | ஈயப்பத்து, காரைக்குடி

உடைக்க வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியிலேயே ஒட்டுப் போடலாம்.

முனையோடு வார்த்த மாற்று வயர் கிடைக்கும். 4.5 மில்லிமீட்டர் முனை, நடு ஊசியோடு, மூன்று கம்பி என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கம்பி வயரைக் கொடுத்து 'இதுவும் சேரும்' என்பார்கள். பொருந்தும், சார்ஜ் ஏறாது. சுவரிலிருந்து பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, டப்பாவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பழைய வயரை வெட்டுங்கள். நடுவில் தடித்த கம்பி, சுற்றிப் பின்னிய வலை, தனியாக மெல்லிய அடையாளக் கம்பி. நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புது வயரில் முனையின் எந்தப் பாகம் எந்தக் கம்பிக்குப் போகிறது என்பதை மீட்டரில் பீப் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று ஒட்டையும் ஒரே இடத்தில் போடாமல் ஒவ்வொன்றையும் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஷ்ரிங்க் ட்யூபை (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) ஈயம் வைப்பதற்கு முன்பே வயரில் கோர்த்துவிடுங்கள். ஒட்டிய பிறகு கோர்க்க முடியாது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி ட்யூப், மேலே மொத்தத்துக்கும் ஒரு பெரிய ட்யூப். 25 வாட் அயர்ன் பவர் கம்பிகளுக்குத் திணறும், பொறுமையாகச் சூடேற்றுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் இழைக்குள் ஊற வேண்டும்.

பிளஸ் கம்பியின் ஒற்றை மயிரிழைகூட அடையாளக் கம்பியைத் தொடக் கூடாது. 19.5 வோல்ட் அந்த வழியாகப் போனால் சார்ஜரின் சிப்போடு நிற்காது, மதர்போர்டின் அந்தப் பகுதியும் போகலாம். லேப்டாப்பில் செருகும் முன் மீட்டரில் வெளி உருளை மைனஸ், உள்சுவர் பிளஸ் என்று பார்த்தே ஆக வேண்டும். மீட்டர் ப்ரோப் நுனி தடித்தது, ஊசியையும் சுவரையும் சேர்த்துத் தொட்டுவிடும். மெல்லிய செம்புக் கம்பியை நுனியில் சுற்றிக்கொண்டு சுவரை மட்டும் தொடுங்கள்.

மே 8, மாலை 5.00 | லேப் ஆச்சி, பள்ளத்தூர்

இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி விடாதீர்கள். நம்ம வெயிலில் பசை இளகி ஒரு மாதத்தில் டேப் நகரும். இந்த ஒட்டு வேலை கை பழகியவர்களுக்குத்தான். இல்லையென்றால் புதுச் சார்ஜரே வாங்குங்கள். வாட்டும் வோல்ட்டும் முனையும் பொருந்தினால் மட்டும் போதாது, டெல் அடையாளச் சிப் உள்ளதா என்று கடையிலேயே செருகி பயாஸில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். லேபிளில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் பதிவு என்று வரும். 90 வாட் டெல் சார்ஜரை 65 வாட் லேப்டாப்புக்குப் போடலாம், தேவையானதைத்தான் இழுக்கும். 45ஐப் போட்டால் வேலை கூடும்போது சார்ஜ் நிற்கும்.

பேட்டரியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்குக் கீழே என்றால் மாற்றும் காலம். டச்பேட் மேலே தூக்கினாலோ அடிமூடி உப்பினாலோ எண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடியைச் சுற்றிக் குடியிருந்துகொண்டு நாம் உப்பின பேட்டரியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கக் கூடாது.

மே 10, இரவு 9.30 | இரண்டாம்கட்டு, கானாடுகாத்தான்

தெரிந்தவரிடம் கொடுத்து மூன்று கம்பி வயர் ஒட்டியாகிவிட்டது. எப்படி வளைத்தாலும் 65 வாட். எக்செல் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்ததும் இப்போது இல்லை. பிராசசர் வேகம் குறைந்ததைத்தான் பழைய லேப்டாப் என்று நினைத்திருந்தோம். பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் 42,000, ஃபுல் சார்ஜ் 34,400. மதியம் மெத்தையிலிருந்து எடுத்து வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தேன், சார்ஜர் டப்பாவையும் தரையிலேயே. 3 மணிக்கும் ஏறுகிறது.

மே 10, இரவு 9.55 | ஈயப்பத்து, காரைக்குடி

டப்பாவைத் தரையில் வைத்தது ரொம்ப நல்லது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. வயரை டப்பா மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். வெளியே வரும் இடத்தில் ஒரு பெரிய வளையம் தளர்வாக விட்டுவிட்டு அப்புறம் சுற்றுங்கள்.

மே 11, காலை 6.50 | வயர்மேன், தேவகோட்டை

எர்த் வேலை பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க. அந்த ரெண்டு ஓட்டையை எடுத்துட்டு 6 ஆம்பியர் மூணு பின் சாக்கெட், மெயின் போர்டு எர்த்துலேருந்து தனி பச்சை வயர். எர்த் குழி தோண்டும்போது எர்த் பைப்பைச் சுத்தி உப்பும் கரியும் போடச் சொல்லுங்க. நம்ம செம்மண் காய்ஞ்சா எர்த் பிடிக்காது, அதனால கோடையில வாரம் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். முடிச்சப்புறம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வைங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வரணும். 100, 120ன்னு அலைஞ்சா எர்த் வயர் எங்கேயோ தொங்குதுன்னு அர்த்தம், கூப்பிடுங்க.